குழாயடியில் ஒரு உச்சிவேளை

என் மகளின் கல்யாணத்துக்காக உள்ளறையில் முளைப்பாலிகை போட்டிருந்தோம். மண்சட்டிகளில் நவதானியம் விதைத்து, வெயில் படாமல் வளர்த்து, முகூர்த்தத்தன்று மணவறையில் வைப்பது வழக்கம். பயிர் வாடினால் பெண்ணின் வாழ்வு விளங்காது என்பார்கள்.

தருமபுரியில் எங்கள் தெருவுக்கு அப்போதுதான் குழாய் வந்திருந்தது. இரும்புக் குழாய் தரைக்கு மேலே வெயிலில் கிடந்ததால், மத்தியானத்தில் வருவது வெந்நீர்தான். பிளீச்சிங் பவுடர் நெடி வேறு. அதனால் விடியலில் பிடித்து, பானையில் ஆற வைத்த தண்ணீரை மட்டுமே தெளித்து வந்தேன். அறை சூடாகாமலிருக்கச் சன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தேன்.

சீர் பேச வந்து தங்கிய மாப்பிள்ளையின் அத்தை, "சட்டியெல்லாம் காஞ்சி கெடக்குதே" என்று உச்சிவேளையில் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றிவிட்டாள். மறுநாள் மத்தியானம் முளைகள் வெளுத்துத் தலைசாய்ந்து கிடந்தன. உறவினர் நடுவில் அவளே சொன்னாள்: "பயிர் நிக்காத வூட்டுல பொண்ணு எடுக்கணுமா? யோசிச்சுக்குங்க."

என் மகள் கதவோரம் நின்று அதைக் கேட்டாள்.

நான் அத்தையின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய், தண்ணீரைத் திறந்து, அதன் கீழே நீட்டினேன்.

"வுடுங்க, சுடுது."

"நேத்து மொளைக்கு மட்டும் சுடலைங்களா அண்ணி?"

பின்னாலேயே வந்த மாப்பிள்ளையின் அப்பா, "மறுபடி வெதைங்க, இன்னும் நாள் கெடக்குது" என்றார்.

மணவறைக்குப் போன பச்சைப் பாலிகையை அந்த அத்தையின் தலையில்தான் ஏற்றினேன். அவள் பேச்சை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. அவள் உள்ளங்கை சிவந்திருந்ததை நினைத்தால் அது அடங்கிவிடுகிறது.