பீட்ரூட் தண்ணீரில் பதிந்த இலைகள்

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பாலிக்சி ஊரில் இலையுதிர்காலம் நீடிக்காது. ஏரிக்காற்று ஒரு பிடி பிடித்தால் மரங்கள் மொட்டையாகிவிடும். அதற்குள் மழலையர் பள்ளியில், பிள்ளைகள் செய்த படங்களை மாட்டி நடத்தும் இலையுதிர்கால விழாவை முடித்தாக வேண்டும்.

அந்த வருஷம் பெரிய பிள்ளைகளின் ஆசிரியை கணவனோடு மாஸ்கோவுக்குப் போய்விட்டாள். புது ஆசிரியை கிடைக்கும்வரை, அவளுக்கு உதவியாக இருந்த புருல்ச்சாவின் தலையில் வகுப்பைக் கட்டிவிட்டார்கள். மீன் ஆலை மூடியபின் எங்களிடம் தரை துடைக்க வந்தவள் அவள். பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, அப்படியே வகுப்புக்குள் வந்து சேர்ந்தவள். நான் அங்கே சமையல்காரி.

பெற்றோர் கூட்டத்தில் மளிகைக்கடைக்காரி கென்ஜெகுல் எழுந்தாள். அவள் மகன் அடிலெட் அந்த வகுப்பில்தான் இருந்தான்.

"பிஷ்கெக் டவுன்ல கலர் பேப்பர், பசை எல்லாம் ஒரே பெட்டியில விக்கிறாங்க. ஆளுக்கு ஒண்ணு வாங்கிடலாம்."

பின்வரிசையில் இரண்டு தாய்மார் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அது புருல்ச்சாவின் கண்ணில் பட்டது.

"வேணாம்க்கா. ரோட்டுல கிடக்கிற இலையே போதும். யாரும் எதுவும் வாங்க வேணாம்."

"குப்பை பொறுக்கவா என் புள்ளைய அனுப்புறேன்?"

"குப்பையா இல்லையான்னு விழாவுக்கு வந்து பாருங்க."

தலைமை ஆசிரியை ஜயில் சிரித்துக்கொண்டே, "சொதப்பினே, மறுபடி துடைப்பம்தான்டி உனக்கு" என்றார். சிரிப்பில் பாதிதான் விளையாட்டு.

புருல்ச்சா பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் பாப்ளார் மர இலைகளைப் பொறுக்கவைத்தாள். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கினோம். யாரோ வீட்டுச் சுவரில் ஒட்டியது போக மிஞ்சிய சுவர்த்தாள் சுருள்களைக் கேட்டு வாங்கிவந்தாள். அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் இலைகளால் மீனும் முள்ளம்பன்றியும் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், கணப்புச் சூட்டில் இலைகள் சுருண்டு மொத்தமும் தரையில் கிடந்தன. அடிலெட் வெறும் தாளைப் பிடித்துக்கொண்டு, "என் முள்ளம்பன்றி செத்துப்போச்சு" என்று ஓவென்று அழுதான்.

புருல்ச்சா என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அழுதியா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல. இன்னைக்கு என்ன சமைக்கிறே?"

"பீட்ரூட்."

"அவிச்ச தண்ணியக் கொட்டிடாதே. வெங்காயத் தோலும் இருந்தா குடு."

ஒட்டிய இலை நிற்காதென்றால் இலையின் தடமாவது நிற்கட்டும் என்பது அவள் எண்ணம். நரம்பு புடைத்த பக்கத்தில் பீட்ரூட் தண்ணீரைத் தடவித் தாளில் அழுத்தினாள். ஒழுகி, ஈஷிக்கொண்டது. தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி அழுத்தினாள், அதுவும் ஒழுகியது. மாவைக் கலந்து கூழாக்கித் தடவி, மேலே பழைய செய்தித்தாளை வைத்துத் தேய்த்து, இலையை மெல்ல உரித்தாள். ஒவ்வொரு நரம்பும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"வாங்கடா, சட்டைக் கையை மடக்குங்க!" என்றாள்.

மதியத்துக்குள் என் சமையலறை முழுக்கச் சிவப்புக் கைகள். வெங்காயத் தோலை வேகவைத்த நீர் மஞ்சளுக்கு ஆனது. அடிலெட் தன் புது முள்ளம்பன்றிக்குச் சூரியகாந்தி விதைத் தொலியை முள்ளாக ஒட்டினான். தொலி சுருளாது, அதனால் விழவில்லை.

விழாவன்று கென்ஜெகுல் கோட்டைக்கூடக் கழற்றாமல் படங்கள் மாட்டிய சுவரோரம் நின்றாள். மகன் அவள் விரலைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, இங்க பாரேன், இலைக்கு எலும்பு இருக்கு! நான்தான் கண்டுபிடிச்சேன்!"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பின்வரிசைத் தாய்மாரில் ஒருத்தி பக்கத்தில் வந்து தன் மகளின் படத்தைக் காட்ட, இருவரும் எந்த இலை எதுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் வரவில்லை. போகும்போது, "இவன் கைக் கறை எப்பப் போகும்?" என்று கென்ஜெகுல் எரிச்சலோடு கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடையில வெங்காயச் சருகு நிறைய சேருது. அனுப்பட்டா?" என்றாள்.

"அனுப்புங்கக்கா. மண்ணைப் புடைச்சுட்டு அனுப்புங்க" என்றாள் புருல்ச்சா.

ஜயில் புது ஆசிரியையைத் தேடுவதை நிறுத்திவிட்டார்.