ஐந்தாவது படி வரைக்கும்

தெருவில் யாரைக் கேட்டாலும் ஜிப் அக்கா வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். அவள் பெயரைக் கேட்டால்தான் திருதிருவென்று முழிப்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அது மின்சார ரசீதில் மட்டும் குடியிருக்கிறது.

வயது ஐம்பத்தாறு. புதுத்துணி தைக்க மாட்டாள். இறுக்கமானதைப் பிரித்துவிடுவது, நீளமானதை மடித்துத் தைப்பது, வாய் பிளந்த ஜிப்பை மாற்றுவது, இவ்வளவுதான் அவள் கடை. கடை என்றால் வீடுதான். வீடு என்றால், நான்கு மாடிக் கட்டடத்துக்கு அடியில், தெருவிலிருந்து எட்டுப் படி இறங்கினால் வரும் ஒற்றை அறை. தையல் மெஷினுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு முழமே உயரமுள்ள ஜன்னல். அதில் வானம் தெரியாது, போகிற வருகிறவர்களின் கால்கள்தான் தெரியும். செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். உடுப்பைப் பார்த்தால் குடும்பத்தையே சொல்லிவிடுவாள். மூன்றாவது மாடி குமாஸ்தாவின் பேன்ட்டைப் பிரித்துக்கொண்டே, “நாலு மாசத்துல ரெண்டு இஞ்ச். வீட்டுல சமையல் பிரமாதம், ஆபீஸ்ல வேலை பூஜ்யம்” என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னவள் அவள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

வாய் மட்டும் இல்லையென்றால் அந்த அறையில் அவளுக்கு வேறு துணை கிடையாது. கணவர் போனபோது மகனுக்குப் பதினோரு வயது. அந்த மகன் இப்போது கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்கிறான். கப்பலில் இன்டர்நெட்டை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்களாம். அதனால் கரை தட்டும்போதெல்லாம் அட்டை போட்டுப் பேசும் போனில்தான் கூப்பிடுவான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர். எதற்கும் திருப்பிக் கூப்பிட முடியாது. அவனாகக் கூப்பிட்டால் உண்டு.

அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை கிண்டை எதுவும் இல்லை. சண்டை என்றாலாவது சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். முதல் வருடம் வாரத்துக்கு ஒரு தடவை பேசினான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. இப்போது இரண்டு மாதம், மூன்று மாதம். பேசும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். “எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமாம்மா? தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது. அந்தக் குழிக்குள்ள உக்காந்துக்கிட்டு நீ எப்படித்தான் இருக்கியோ.”

குழி என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த அறைக்குள் டவர் எட்டிக்கூடப் பார்க்காது. படியேறி, தெரு முனையில் மருந்துக்கடையை ஒட்டியிருக்கும் தபால்பெட்டி பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கோடு கிடைக்கும். அதனால் சாயங்காலம் நான்கு மணியானால், கையில் மடிப்புத் தையல் வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குப் போய்விடுவாள். மருந்துக்கடைக்காரர் ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுவார். ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்து தைப்பாள், ஊர்க்கதை பேசுவாள். போகிறவர்களை நிறுத்தி, பிதுங்கிய தையலைச் சுட்டிக்காட்டி வேலையும் பிடிப்பாள். அங்கே போனதும், டவர் இல்லாத நேரத்தில் யார் யார் கூப்பிட்டார்கள் என்று செய்தி வந்து விழும். எல்லாம் ஜிப்புக்காரர்களாகவே இருக்கும்.

“இதுல அவன் நம்பர் ஒண்ணுகூட இல்லையே தம்பி?” என்று ஒருநாள் கேட்டாள்.

மருந்துக்கடைக்காரர் அவள் பட்டன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “வெளிநாட்டு கால் எல்லாம் இதுல காட்டாதுக்கா” என்றார். அது நிஜமா, மனுஷன் மனசு கேட்காமல் சொன்னதா என்று அவள் ஆராயப் போகவில்லை. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி கோட்டுக்கு உள்துணி மாற்ற வந்த இடத்தில்தான் போன் டவருக்கான ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு பிராட்பேண்ட் இழுத்து, அதில் அந்தப் பெட்டியைச் செருகிவிட்டால் வீட்டுக்குள்ளேயே குட்டி டவர் மாதிரி வேலை செய்யுமாம். ஜிப் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. மகன் இத்தனை தடவை கூப்பிட்டும் கிடைக்காமல் போனது தன் அறையின் குற்றம் என்று அவள் திடமாக நம்பினாள். குற்றத்தைச் சரிசெய்ய வழி இருக்கும்போது சும்மா இருப்பாளா? மறுநாளே போன் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பெட்டி மாட்ட வந்தவர் வழுக்கைத் தலைக்காரர், பேச்சில் அவளுக்குச் சளைக்காதவர். “நெட்டுல வேற என்னக்கா பார்ப்பீங்க? படமா, பாட்டா?” என்று கேட்டார்.

“எனக்கு எதுக்கு அதெல்லாம்? போன் அடிச்சாப் போதும்.”

“சரியாப் போச்சு. யானையை வாங்கி மணியை மட்டும் ஆட்டப் போறீங்க.”

சோற்று டப்பா அளவு இருந்தது பெட்டி. அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று முதலில் அது தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளுமாம், அதுவரை சிவப்பு விளக்கு எரியுமாம். “நம்மளைவிடப் பரவாயில்ல” என்றாள் அவள். அந்த இடைவேளையில் அவர் ஒரு தாளை நீட்டினார். இந்த வீட்டில் எந்தெந்த போன் பெட்டியைப் பயன்படுத்தலாம் என்று நம்பர் எழுத வேண்டும். எட்டு வரி இருந்தது.

முதல் வரியில் தன் நம்பரை எழுதினாள். பிறகு பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்கு வந்து போறவங்க யாராவது இருந்தா போடுங்க. இல்லன்னா விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றார் அவர்.

இரண்டாவது வரியில் மகனின் பழைய நம்பரை எழுதினாள். விடுப்பில் வந்தால் அந்த சிம்மைத்தான் போடுவான். அவன் கடைசியாக வந்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. மீதி ஆறு வரியும் வெறுமையாகவே தாள் திரும்பிப் போயிற்று.

விளக்கு நீலத்துக்கு மாறியதும் அவர் படியேறி வெளியே போய் அவள் நம்பருக்கு அடித்தார். அந்த அறையில் முதல்முறையாக போன் மணி அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கேக்குதாக்கா?” போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

“ரெண்டு காதுலயும் கேக்குது.”

இறங்கி வந்து, கிளம்பும்போது ஒன்று சொன்னார். “ஒரே ஒரு விஷயம். பேசிக்கிட்டே மேல ஏறிடாதீங்க. அஞ்சாவது படி வரைக்கும்தான் இந்தப் பெட்டியோட ராஜ்யம். அதுக்கு மேல போனா இது கையை விட்டுடும், வெளி டவர் கையைப் பிடிக்கிறதுக்குள்ள லைன் கட்டாயிடும்.”

“நான் ஏன் ஏறப்போறேன்? ஏறக்கூடாதுன்னுதானே இதை வெச்சிருக்கேன்” என்றாள்.

அன்றிலிருந்து தபால்பெட்டிக்குப் போவது நின்றுபோயிற்று. நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும் போனைத் துணி வெட்டும் பலகையின் நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். குளிக்கப் போனால் சோப்பு வைக்கும் இடத்தில் போன். இடையில் ஒருநாள் மருந்துக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் குனிந்து, “என்னக்கா, ஆளையே காணோம்?” என்றார்.

“வீட்டுக்குள்ளயே டவர் வந்துடுச்சு தம்பி.”

“அட, அப்ப பையன் தினமும் பேசறான்னு சொல்லுங்க!”

“பேசறான், பேசறான்” என்றாள், பாபினில் நூல் சுற்றிக்கொண்டே.

போன் அடிக்காமல் இல்லை. ஜிப் ஆயிற்றா என்று கேட்டு அடித்தது. யாரோ ஒருவர் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று நம்பர் மாறி அடித்துக் கேட்டார். பதிவு செய்த குரலில் ஒரு பெண் ஏதோ திட்டத்தைப் பற்றிப் பேசுவாள். அதை முதலில் வெட்டிக்கொண்டிருந்தவள் பிறகு முழுக்கக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு வாரம், ஒரு மாதம், ஒன்றரை மாதம். பெட்டியில் ஏதோ கோளாறு என்று முடிவுக்கு வந்து வழுக்கைத் தலைக்காரரைக் கூப்பிட்டாள்.

“பெட்டி சரியில்ல. வர்ற கால் எல்லாம் வரமாட்டேங்குது.”

“நான் பேசறது கேக்குதாக்கா?”

“கேக்குது.”

“ஒரு நிமிஷம் வெச்சுடுங்க, நான் அடிக்கிறேன்.” அடித்தார். வந்தது. “வருதே!”

“வெளிநாட்டு கால் வராதோ என்னமோ?”

“எல்லாம் ஒரே வழியாத்தான்க்கா வரும். அங்கேயிருந்து அடிச்சா இங்க அடிக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “அடிச்சா” என்று மறுபடி மெதுவாகச் சொன்னார். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

அன்று அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மகன் மேல் அல்ல, பெட்டியின் மேல். இந்தச் சனியன் வராதவரைக்கும் அவன் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குத்தான் கிடைக்காமல் இருந்தது. இது வந்து உட்கார்ந்த பிறகு அவன் கூப்பிடுவதே இல்லை. பிடுங்கி எறிந்துவிடலாமா என்று ஸ்விட்ச் வரைக்கும் கை போயிற்று. எறிந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டால்? கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மழைக்கோட்டு ஒன்றின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நீளமான நம்பர். கத்திரிக்கோல் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

“அம்மா!”

“சொல்லுப்பா, சொல்லுப்பா. சாப்பிட்டியா? எங்கப்பா இருக்கே?”

“கரைக்கு வந்திருக்கோம், நாளைக்குக் கிளம்பிடுவோம். என்னம்மா நீ, எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? நேத்துகூட ரெண்டு தடவை அடிச்சேன். அதே பாட்டுதான், எல்லைக்கு வெளியே.”

நேற்று அவள் இந்த அறையை விட்டு நகரவில்லை. போன் இதே பலகையில்தான் இருந்தது, நான்கு கோட்டோடு. ஜன்னல் விளிம்பில் நீல விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் பெட்டி வாங்கி வைத்துவிட்டேன், இங்கே டவர் மணியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவன் என்ன செய்வான்? தடுமாறுவான், வெட்கப்படுவான். அடுத்த தடவை கூப்பிடும்போது சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்காது. சொல்ல ஒன்றும் இல்லாதவன் கூப்பிடாமலே விட்டுவிட்டால்?

“ஆமாம்ப்பா. இங்க டவரே கிடைக்கல. உனக்குத்தான் தெரியுமே இந்தக் குழி” என்றாள்.

“அதானே பார்த்தேன்.” அவன் குரல் லேசாயிற்று. “இப்ப எங்க, தபால்பெட்டி கிட்டவா நிக்கிறே?”

“அங்கதான்.”

“சத்தமே இல்லையே? பஸ் போற இடமாச்சே அது. லைன் வேற இவ்வளவு தெளிவா இருக்கு.”

அவசரமாகச் செருப்பைத் தேடினாள். ஒரு கால் செருப்பு கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. அப்படியே கதவைத் திறந்தாள். “இப்பத்தான்ப்பா ஒண்ணும் போகல. இரு, இதோ ஒரு வண்டி வருது.” முதல் படி, இரண்டாவது படி. போனைத் தெருப்பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். நல்லவேளை, எங்கோ ஒரு ஹாரன் அடித்தது.

“ஆங், இப்பக் கேக்குது. நல்லா இருக்கியாம்மா?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். முன்ன மாதிரிதான் தினம் நாலு மணிக்கு வந்து உக்காந்துடுவேன். ஜனங்க, பேச்சு, பொழுது போயிடும்.” மூன்றாவது படி, நான்காவது படி. பேச்சு வளர வளர அவளுக்குத் தெம்பு வந்தது. அவன் சிரிப்பதுகூடக் கேட்டது. இந்தத் தடவை எப்படியும் கேட்டுவிடுவது என்று துணிந்தாள். “எப்பப்பா வீட்டுக்கு வருவே?”

கேட்டபோது வெறுங்கால் ஆறாவது படியில் இருந்தது.

“ஹலோ? ஹலோ? கேக்குதாப்பா?”

எட்டாவது படிக்கு ஏறினாள். தபால்பெட்டி வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். இரண்டு கோடு வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்தார், ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்கவில்லை.

“கட்டாயிடுச்சா அக்கா?” என்றார் அவர், கடைசியில்.

“ஆமா தம்பி. நல்லாத்தான் பேசிட்டிருந்தான். வரேன்னு சொல்ல வாயெடுத்தான், டவர் போயிடுச்சு” என்றாள் ஜிப் அக்கா. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, டவரால்தான் அவன் கிடைக்காமல் போனான் என்பது மட்டும் நிஜம்.