அதே குரூப்புதாங்க

2001-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். போன் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கேபிள் இணைப்பு இன்னும் வாங்கவில்லை. கணவரும் மகளும் கிளம்பிப் போனபின் வீட்டில் நான் மட்டும்.

ஒன்பதரை மணிக்கு போன் அடித்தது. எடுத்தால் ஓர் ஆண் குரல், "எனக்கு அதே குரூப்புதாங்க. எங்க வரணும்?" என்றது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் இன்னொருவர். அவருக்கும் அதே குரூப்பாம், உடனே கிளம்பத் தயாராம். என்ன குரூப், எதற்குக் கிளம்ப வேண்டும்? ஏதோ குரூப் தேர்வு விஷயம் போல என்று நினைத்தேன். மூன்றாவது ஆள், நண்பரையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டதும் பயந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். நான்காவதாகப் பேசியவரிடம், என் கணவர் போலீஸ் இன்ஸ்பெக்டர், இனி கூப்பிட்டால் உள்ளே தள்ளிவிடுவார் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். உண்மையில் என் கணவர் கிளார்க்.

கொஞ்ச நேரத்தில் அதே ஆள் மறுபடியும் பேசினார்.

"திட்டுனா திட்டிக்கோங்கம்மா, வெச்சுடாதீங்க. லோக்கல் டிவில அவசரமா ரத்தம் வேணும்னு ஓடுது. பிரசவ கேஸாம். உங்க நம்பர்தான் போட்டிருக்கு, எந்த ஆஸ்பத்திரினு போடல. நான் கீழ்பென்னாத்தூர்ல பூத்துல நிக்கறேன்."

எனக்கு ஒன்றுமே தெரியாதே என்றேன்.

"சரி, பஸ் நிக்குது, ஏறிடறேன். நான் வர்றதுக்குள்ள விசாரிச்சு வைங்க."

எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் டிவியின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. பக்கத்தில் என் வீட்டு எண். அந்த அக்கா கேபிள்காரரைப் பிடித்துக் கேட்டார். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டனவாம். சரியான எண், ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த மருந்துக்கடையுடையது. அங்கே கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் கணவர் காலையிலிருந்து கடை வாசலிலேயே நிற்கிறார், ஒருவர்கூடக் கூப்பிடவில்லையே என்று அழுகிறார் என்றார் கடைக்காரர். கூப்பிட்டவர்களைத்தான் நான் வரிசையாகத் துரத்திக்கொண்டிருந்தேனே.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் பேசியபோது ஆஸ்பத்திரியைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போன் செய்தேன். ஒருவர் பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுத்தார், தாயும் பெண் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள் என்றார்கள். மற்ற மூன்று பேர் யார், பிறகாவது விவரம் தெரிந்துகொண்டார்களா, தெரியாது.

அப்படித் திட்டியவளை நம்பி மறுபடியும் கூப்பிட அவருக்கு எப்படி மனசு வந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த இரண்டாவது போனைச் செய்திருக்கவே மாட்டேன் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.