டின் மூடியில் இருந்த ஊர்

வறுத்த மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்கு ஓர் ஆறு ஞாபகத்துக்கு வரும். லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினியில் அம்மா கறித்தூளைப் போட்டு வைத்திருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின்னில். அதன் மூடியில் பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றின் படம் இருந்தது: வளைவு வளைவாக ஒரு கல்பாலம், அதற்குப் பின்னால் கூரிய கோபுரத்தோடு ஒரு தேவாலயம், நீலக் கதவு வைத்த ஜன்னல்கள், எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் ஆறு. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்தார். ஒரு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, அங்கே எல்லோருக்கும் கொடுத்த டின் அது. பிஸ்கட்டை நானும் தம்பியும் இரண்டு நாளில் முடித்துவிட்டோம். மூடி மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

அடுப்பில் சோறு கொதிக்கும்போது அம்மா அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். யாழ்ப்பாணத்தில் கிணறு உண்டு, குளம் உண்டு, சுற்றிவரக் கடல் உண்டு, ஆனால் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. லண்டனுக்கு வந்த பிறகும் தேம்ஸ் நதியை அவர் பஸ் ஜன்னலால்தான் கண்டிருந்தார். மூடியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அந்த ஊரின் பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கோடையில் நம்மாட்கள் பத்து வேனில் போய் இறங்கிவிடுவார்கள், பிறகு இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இருக்காது.

எனக்குப் பத்து வயதானபோது எங்களுக்குப் பிரித்தானியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அப்பா அந்தக் கோடைக்கே பாரிசில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தார். அம்மா ஓம் என்றார். ஆனால் முதலில் மூடியில் இருக்கும் ஊரில் இரண்டு நாள் நின்றுவிட்டு, அதன் பிறகுதான் பாரிஸ் என்றார்.

"அங்க ஆர் இருக்கினம்?" என்று அப்பா கேட்டார்.

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எங்கள் சனத்தின் ஐரோப்பா வரைபடமே வேறு. பாரிஸ் என்றால் பெரியப்பா, சூரிச் என்றால் சின்னம்மா, ஒஸ்லோ என்றால் அம்மாவின் மாமா மகன். ஆள் இருக்கிற இடம்தான் ஊர், ஆள் இல்லாத இடமெல்லாம் வழியில் வரும் வெறும் புல்வெளி. போனால் உறவினர் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுக்க வேண்டும், மூத்தவர் வீட்டுக்கு முதலிலும் இளையவர் வீட்டுக்குப் பிறகும் போக வேண்டும், ஒரு வீட்டைத் தவறவிட்டால் அது மூன்று கல்யாணங்களுக்குப் பேச்சாக இருக்கும். இதில் ஹோட்டலில் தங்குவதென்பது, உறவையே வேண்டாமென்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

அம்மாவோடு வேலை செய்த கொங்கோ நாட்டுப் பெண் ஒருவருக்குப் பிரெஞ்சு தெரியும். அவரைக்கொண்டு அந்த ஊருக்குப் போன் எடுத்து, ஆற்றுக்கு எதிரே ஒரு சின்ன ஹோட்டலில் அறை பிடித்த பிறகுதான் அம்மா ஹோட்டல் கதையை அப்பாவிடமே சொன்னார். பெரியப்பாவுக்கு இரண்டு நாள் பிந்தி வருவதாகச் சொல்லச் சொன்னார். அப்பா வாங்கிய பழைய காரில் டோவரில் கப்பல் ஏறி, பாரிசைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனோம். பாரிஸ் என்ற பெயர்ப்பலகை வரும்போதெல்லாம் அப்பா ஏதோ திருடிக்கொண்டு ஓடுகிறவர்போல வேகத்தைக் கூட்டினார்.

ஊர் மூடியில் இருந்ததைவிடப் பழையதாக இருந்தது. பாலத்தின் கற்கள் கறுத்துப்போய், நடுவில் வண்டிச் சில்லுகள் தேய்த்த பள்ளங்களோடு கிடந்தன. ஆறு அசையாமல் கிடக்கவில்லை. பாசியை இழுத்துக்கொண்டு அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில், ஓட்டுக்கூரை போட்ட திறந்த கூடம் ஒன்று தண்ணீரோடு ஒட்டி இருந்தது. அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் முழங்காலில் இருந்து துணி துவைத்த இடமாம். ஓரக் கற்கள் சாய்வாக வழுவழுத்துப்போய் இருந்தன. அம்மா அந்தக் கல்லைக் கையால் தடவினார். வருடக்கணக்காக மற்றவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்த அந்த மனுஷி, செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கி, துவைகல்லில் இருந்து காலைத் தண்ணீரில் விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சும்மா இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. பாலத்தடியில் இருந்த டெலிபோன் பெட்டியை இரண்டு மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு உள்ளே போனார். "அண்ணை, நாங்கள் இஞ்சதான், பாரிசுக்குக் கிட்டத்தான்" என்று அவர் சொன்னது கண்ணாடிக்கு வெளியே நின்ற தம்பிக்குக் கேட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு இரண்டு நாள் பிந்தும் என்று மட்டும்தான் தெரியும். எங்கே நிற்கிறோம் என்பதை அப்பா அதுவரை மறைத்திருந்தார். அப்பாவை நாட்டைவிட்டு வெளியே எடுத்துவிட்டவர் பெரியப்பா, அவருக்கு மறைத்து அப்பாவால் ஒரு பொழுதுகூடத் தாங்க முடியவில்லை. அவர் கேட்கக் கேட்க ஊரின் பெயரும் வெளியே வந்துவிட்டது.

பின்னேரம் பாலத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. பெரியப்பா, பெரியம்மா, அவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி, ஒரு பெட்டி புட்டு. ஆளில்லாத ஊர் ஒரு நிமிடத்தில் யாழ்ப்பாணத்துக் கொட்டடிச் சந்தையாகிவிட்டது. பெரியம்மா துவைக்கும் கூடத்திலேயே பேப்பர் தட்டுகளை விரித்துப் புட்டைப் பகிர்ந்தார். கறி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, சாமான்களை ஏத்துங்கோ" என்றார்.

அம்மா எழும்பவில்லை. பெரியப்பா வந்தால் எப்போதும் எழுந்து நிற்கிறவர், காலைக்கூடத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"பிள்ளை, எழும்பும். இவ்வளவு தூரம் வந்து ஹோட்டலில படுத்தா, சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது? இஞ்ச ஆர் இருக்கினம் உமக்கு?"

"ஒருத்தரும் இல்லை அத்தான். அதுக்குத்தான் வந்தனான்."

"விசர்க்கதை கதையாதையும். வீட்டில எல்லாம் ஆயத்தமா இருக்கு."

"நாளைக்குப் பின்னேரம் உங்கட வீட்டதான் வருவம். இண்டைக்கு வாறதில்லை."

"ஏன், வர ஏலாதோ?"

"ஏலும். வரமாட்டன்."

ஆறு ஓடும் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. பெரியம்மா பாத்திரங்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டார். பெரியப்பா அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா காலையும் கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, கடைசியில், "நான் அண்ணையோட போட்டு நாளைக்கு வாறன்" என்றார். அண்ணன்மாரோடு விளையாடலாம் என்று தம்பி ஏற்கெனவே வேனுக்குள் இருந்தான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால் நானே முடிவெடுத்தேன், அம்மாவின் பக்கத்தில் இருந்து என்னுடைய சப்பாத்தையும் கழற்றினேன். வேன் முன்னாலும் எங்கள் கார் பின்னாலுமாகப் பாலத்தைக் கடந்து போயின. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடுதான் இருந்தார், ஆனால் இருந்தார்.

அடுத்த நாள் காலை நாங்கள் இருவரும் ஒன்றுமே செய்யவில்லை. பாலத்தில் அந்தப் பக்கம் போனோம், இந்தப் பக்கம் வந்தோம். பேக்கரியில் விரலால் காட்டிப் பாண் வாங்கினோம். தூண்டிலோடு இருந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு "போன்ஜூர்" என்றார், அம்மாவும் தலையை ஆட்டி அதையே திருப்பிச் சொன்னார். பிறகு அதே கல்லில் இருந்து பாணைப் பிய்த்துத் தின்றோம். அப்போது அம்மா சொன்னார்: "சின்ன வயசில இருந்து நான் போன இடமெல்லாம் ஒண்டில் சண்டைக்குப் பயந்து ஓடிப் போனது, இல்லாட்டி ஆரையும் பாக்கப் போனது. சும்மா வந்த இடம் இதுதான் பிள்ளை."

மத்தியானத்துக்கு முன்னமே அப்பா தனியாக வந்துவிட்டார். "அண்ணை என்னோடயும் கதைக்கேல்லை" என்றார். "கதைக்காட்டி விடட்டும், இருங்கோ" என்று அம்மா இடம் விட்டார். அப்பா சொக்ஸைக் கழற்றிச் சுருட்டி சப்பாத்துக்குள் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் ஊசிக்கு இருப்பவர்போல விறைப்பாக இருந்தார். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது.

சொன்னபடி பின்னேரம் பாரிசுக்குப் போனோம். பெரியப்பா அம்மாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தக் கோடையில் மட்டுமல்ல, அதன் பிறகு பல வருடங்களுக்கு. கல்யாண வீடுகளில் அம்மாவுக்கு "ஆத்தங்கரை மகாராணி" என்று பெயர் விழுந்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில், ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு எங்களுக்கு மட்டும் அழைப்பில்லை. அம்மா அழுதிருக்கிறார், நான் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் சனத்தின் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்தச் சட்டிக் கறியைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் வேறு யார் வருவார்கள்? ஆனால் பாசத்துக்காக ஒரு மனுஷி தன் இரண்டு நாளுக்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது பெரியப்பா இல்லை. அவர் இறந்தபோது அம்மா முதல் ரயிலில் போய், முப்பத்தோராம் நாள்வரை அந்த வீட்டில் நின்று சமைத்தார். திரும்பி வந்து, "நல்ல மனுசன். ஆனா அண்டைக்கு நான் சொன்னதுதான் சரி" என்றார். டின் அடி கறள் பிடித்து ஓட்டை விழுந்து போய்விட்டது. தூள் இப்போது ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள தமிழ்க் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது.

போன கோடையில் நானும் அம்மாவும் மறுபடியும் அந்த ஊருக்குப் போனோம், இந்த முறையும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஹோட்டல் மூடிவிட்டார்கள். அப்பா நின்று பேசிய டெலிபோன் பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஆணி மட்டும் இருந்தது. துவைக்கும் கூடத்தைப் புதுப்பித்து, பூச்சட்டி அடுக்கி, குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டி, அறிவிப்பு ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"உள்ளுக்குப் போய் இருக்கக் கூடாதாம், அம்மா."

"ஆர் சொன்னது?"

"ஊர்க் கவுன்சில்."

அம்மா சுற்றிவரப் பார்த்தார். ஒருவரும் இல்லை. கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு, ஒரு கையால் கயிற்றை உயர்த்தி, குனிந்து உள்ளே போனார். சாய்வான அந்தக் கல்லில் மெல்ல இருந்து, செருப்பைக் கழற்றினார்.

"வந்து கேட்டினமெண்டா எழும்புவம்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "இல்லை, எழும்பமாட்டம்."