ஆளைக் கொடுத்து வாங்கிய முறை

வெம்பிளி பார்க் நிலையத்தின் படிகளில் கூட்டம் நெரிகிறது. இன்று இங்கே அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. ஹரோவில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் சுகந்தி, யாழ்ப்பாணத்துக்காரர், என்னை அழைத்து வந்திருக்கிறார். ரயிலேறியதிலிருந்தே அவர் முகம் கடுகடுவென்று இருக்கிறது.

"யார் மேல கோபம்?" என்று கேட்கிறேன்.

"எங்கட டீம் மேலதான் அண்ணை. இவ்வளவு காலம் விளையாடினவரை நேற்று வேற டீமுக்குக் குடுத்திட்டாங்கள்."

"பணத்துக்கா?"

"இல்லை. காலேஜில இருந்து வாற பெடியளை ஒவ்வொரு டீமும் முறை வச்சுத்தான் எடுக்கும். அந்த டீமுக்கு அடுத்த வருசம் வாற ஒரு முறையை வாங்கிக்கொண்டு இவரைக் குடுத்திட்டாங்கள். ஆரை எடுக்கப்போகினம் எண்டு அவைக்கே தெரியாது!"

"அவர் சம்மதிச்சாரா?"

"அவரை ஆர் கேட்டது? அவற்ற மனுசிக்கு நிறைமாசம். போனில சொல்லி முடிச்சிட்டினமாம்."

எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. முழங்கால் தேய இவர்களுக்காக ஓடியவனை, முகமே தெரியாத ஒருவனுக்காகத் தள்ளிவிடுகிறார்கள். கேட்டால் சாமர்த்தியம் என்பார்கள்.

பின்னால் வரும் அதே அணியின் ரசிகர் ஒருவர், சுகந்தியின் கழுத்தில் இருக்கும் அணித் துண்டைப் பார்த்துவிட்டு, "நேற்று நமக்கு நல்ல பேரம்!" என்று ஆங்கிலத்தில் சிரிக்கிறார்.

சுகந்தி குளிர்காற்றில் நின்று கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்கிறார். சட்டையின் முதுகில் அந்த வீரரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த ரசிகருக்கு நேர் முன்னால், வழிவிடாமல், மெல்ல நடக்கிறார்.