அக்கா எழுதிய பதினொரு வரிகள்

அக்கா முப்பத்துநான்கு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதிகாரிகள் ரயில் வேகத்தில் சொன்னதையெல்லாம் விடாமல் பிடித்த கை. வீட்டில் காதைவிட வாய்தான் வேகம். எதிராளி தொடங்குவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள்.

பக்கவாதம் வந்து தம்பிக்குப் பேச்சு போனதும் அவனைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். அவனுக்கு மிஞ்சியது கண்களும் வலது ஆள்காட்டி விரலும்தான். அந்த விரலுக்கு ஒரு பொத்தானும் பொத்தானுக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரும் வைத்துக் கொடுத்தவர் அவன் சிநேகிதர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ரேடியோக்காரர். தம்பி எழுத்து எழுத்தாகப் பொறுக்குவான். கம்ப்யூட்டர் சேர்த்து வாசிக்கும். அதுதான் அவன் குரல்.

அந்தக் குரலை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவே பறித்துவிட்டாள். மேசையைத் துடைக்கிற வேகத்தில் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பச் செருகினால் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின, திரை அணைந்தது, தானே மறுபடி கிளம்பியது. ஒரு மணி நேரமாக இதே கூத்து.

ரேடியோக்காரர் கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார். மொபைல் என்றாலே ஆகாத மனிதர். அவர் வீட்டு லேண்ட்லைனைப் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, தன் போனைக் கட்டிலில் வைத்தாள்.

"அணையறதுக்கு முன்னால என்ன எழுதி வருது, வாசிங்கக்கா."

"எங்க வாசிக்கிறது? கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிடுது."

"அது தெரியாம நான் என்னத்தைச் சொல்ல?"

தம்பி கண்களைப் போன் பக்கம் உருட்டினான். தண்ணீரா என்றாள். தலையணையா என்றாள். சிநேகிதனோடு பேச ஆசை போலிருக்கிறது என்று அவளே முடிவுகட்டி, போனை அவன் காதில் வைத்தாள்.

"என்னடா, சௌக்கியமா?" என்றார் ரேடியோக்காரர்.

தம்பி கூரையைப் பார்த்தான்.

அக்கா நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எந்த அதிகாரியும் சொன்னதையே இத்தனை தடவை சலிக்காமல் சொன்னதில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு வரி, கீழிருந்து மேலாக. கண் எரிந்தது. பதினொரு சுற்றில் பதினொரு வரி சேர்ந்ததும் வாசித்துக் காட்டினாள்.

"போதும்க்கா. அப்டேட்ல வந்த புதுக் கெர்னல், அதான் கம்ப்யூட்டரை எழுப்பி விடுற அடிப்படை புரோகிராம், பாதியில நின்னுருக்கு, அதனால டிஸ்க்கைத் தொறக்க முடியல. பழைய கெர்னல் உள்ள பத்திரமா இருக்கும். கிளம்பும்போதே ஷிப்ட்டை அமுக்கிப் புடிச்சுக்குங்க."

பிடித்தாள். ஒரு பட்டியல் வந்து நின்றது. அவர் சொல்லச் சொல்ல உள்ளே போய், பழையது என்று எண் குறைவாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்துகள் ஓடின. இந்த முறை திரை அணையவில்லை. தம்பியின் எழுத்துப் பலகை வந்தது.

"நாந்தான்டா புடுங்கினேன். மன்னிச்சுடு" என்று அழுதுவிட்டாள்.

தம்பியின் விரல் அசைந்தது. அவன் சொல்லப்போவதை யூகிக்காமல் அக்கா கால் மணி நேரம் காத்திருந்தாள். கம்ப்யூட்டர் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது.

"போன்ல வீடியோ எடுத்திருக்கலாம். அதைத்தான் சொன்னேன்."

ரேடியோக்காரர் அந்தப் பக்கம் இருமினார். அக்காவுக்கு ரோஷம் வந்தது, அதை மீறிச் சிரிப்பும் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவள், தம்பியின் விரல் இன்னும் ஓயவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஆனா இன்னைக்கு வரைக்கும் நீ வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லக்கா. என்ன கை அது."