துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. சிலந்தியைக்கூட அடிக்காமல் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிற தாத்தா வீட்டிலா என்று கேட்கிறார்கள். தாத்தா வாங்கியதில்லை, அவருடைய தம்பி வாங்கியது என்பேன். அதற்கு மேல் நான் ஆரம்பிப்பதற்குள் அவரவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். காகிதம் எழுந்து போகாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் டொரொண்டோவின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில், அப்போதுதான் கட்டி முடித்திருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். தெருவில் மரமே கிடையாது. மழை பெய்தால் வாசல் முழுக்கச் சேறு. அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. அம்மா வீட்டிலேயே தையல் தைத்தாள். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பழகிய சித்தப்பா, இங்கேயும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் அவருக்கு ஓர் அறை. எனக்கு எட்டு வயது. என்னோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிற ஒரே பெரியவர் அவர்தான். ஆகையால் நான் யார் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த வருடம் குளிர்காலத்தில் வேலை முடிந்து வரும்போது சித்தப்பாவை சப்வே ரயில் நிலையப் படிக்கட்டில் நாலைந்து பையன்கள் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். 'பாக்கி' என்று கத்திக்கொண்டே உதைத்தார்கள். நாங்கள் பாகிஸ்தான் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்று அவர்களிடம் விளக்கிச் சொல்ல அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. முன்பல் ஒன்று போயிற்று. படியேறி வந்த ஜனங்கள் அவர் மேல் கால் படாமல் ஒதுங்கிப் போனார்களாம், அதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். போலீஸ் வந்து முதலில் கேட்டது, நீ அவர்களை என்ன சொன்னாய் என்பது. இரண்டாவதாகக் கேட்டது பாஸ்போர்ட்.

பனி உருகியதும் எங்கள் முன்ஜன்னலில் ஒரு கல் வந்து விழுந்தது. அப்பா போன் செய்தார். அன்று முழுக்க யாரும் வரவில்லை. மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, சின்னப் பிள்ளைகளின் குறும்பு என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னப் பிள்ளையான எனக்கு அந்தக் கல்லைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா துப்பாக்கி வாங்கினார். எனக்கு ஸ்கேட்டிங் ஷூ வாங்கித் தருவதாகக் கூட்டிப்போன அதே கடையில், தூண்டில்களுக்கும் கூடாரங்களுக்கும் நடுவில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். வேட்டைத் துப்பாக்கி வாங்க அந்தக் காலத்தில் லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று எதிர்வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார். வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரர் அவர். வாட்டசாட்டமான ஆள், எங்களைப் பார்த்தால் கையசைப்பார். சித்தப்பா எடுத்ததும் அவரிடம் இருந்த மாதிரியே ஒரு துப்பாக்கி, அதே தேக்கு நிறக் கட்டை. நாங்கள் ஒரே பையில் ஷூவையும் தோட்டாப் பெட்டியையும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தோம்.

வீட்டில் பெரிய சண்டை. அப்பா சத்தம் போடுகிற ரகமில்லை. குரலைத் தாழ்த்தினால்தான் கோபம் என்று அர்த்தம்.

"இந்த நாட்டுல யாரு வேணும்னாலும் வாங்கலாமுங்கண்ணா. எதிர்வீட்டுக்காரரு மூணு வெச்சிருக்காரு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்றார் சித்தப்பா.

"சட்டம் ஒண்ணுதான். அதைக் கையில வெச்சுட்டு வர்ற ஆளு ஒண்ணு இல்ல" என்றார் அப்பா.

அம்மா இரண்டு பேர் பக்கமும் சேரவில்லை. தோட்டாப் பெட்டியை வாங்கித் துவரம்பருப்பு டின்னுக்கு அடியில் புதைத்தாள். துப்பாக்கியைத் துணி அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் ஏற்றிவைத்தாள். அதன் பிறகு பல மாதம் அதை யாரும் தொடவே இல்லை. ஆனால் சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். பல் போன இடத்தை மறைக்காமல் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை முன்புபோல் வெளியே நடக்கக் கூட்டிப்போனார். சுடாத ஒரு துப்பாக்கி அலமாரியில் படுத்துக்கொண்டே ஒரு மனிதனை நிமிர்ந்து நடக்கவைக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பூசணிக்காய் உடைக்க வெள்ளைப் பூசணி கிடைக்காது. அந்த ஊர் பேய்த் திருவிழாவுக்காகக் கடைகளில் குவித்திருந்த ஆரஞ்சுப் பூசணியில் ஒன்றை வாங்கி, உள்ளே குங்குமம் போட்டு, அப்பா தன் காருக்கு முன்னால் போட்டு உடைத்தார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக் கைதட்டினார். அவருக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

உள்ளே, முன்னறையில் சரஸ்வதி படத்துக்குக் கீழே கோலம் போட்ட பலகை. அப்பாவின் காம்பஸ் பெட்டி, அம்மாவின் தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணை, சித்தப்பாவின் ஸ்பானர்கள், என் பள்ளிக்கூடப் பை. எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. பாதி வைத்திருந்தபோது அம்மா எழுந்து போய்ப் போர்வைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து பலகையின் முன்னால் கிடத்தினாள். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஆயுத பூஜையன்று வீட்டில் இருக்கிற ஒரே உண்மையான ஆயுதத்தை ஒளித்துவைத்துவிட்டுக் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைப்பது அவளுக்கு நியாயமாகப் படவில்லை. அப்பா தன் காம்பஸ் பெட்டியை நகர்த்தி அதற்கு இடம் விட்டார். சாமி விஷயத்தில் அம்மாவோடு வாதாடி அவர் ஜெயித்ததே இல்லை.

நான் கட்டையில் மூன்று பொட்டும், குழல் முனையில் ஒன்றும் வைத்தேன். சித்தப்பா அதில் ஒரு சாமந்திப் பூவைச் செருகினார்.

சாம்பிராணிப் புகை கூரையில் கறை பிடிக்கும் என்று அம்மா ஜன்னலைத் திறந்து, திரையை முழுதாக ஒதுக்கியிருந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. சித்தப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள் இருவர் சுண்டலுக்காக வந்திருந்தார்கள். மணி அடித்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது. புகை நடுவே துப்பாக்கி, சுற்றிலும் கறுத்த ஆண்கள்.

யார் போன் செய்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. கல் விழுந்ததற்கு மறுநாள் வந்த போலீஸ், இந்த முறை கற்பூரம் அணைவதற்குள் வந்துவிட்டது. தெருவை அடைத்துக்கொண்டு கார்கள் நின்றன. கதவைத் தட்டியதுகூட நினைவில்லை, திறந்ததுதான் நினைவிருக்கிறது. ஆண்கள் எல்லாரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். அப்பா கையைத் தூக்கியபடியே, நல்ல ஆங்கிலத்தில், இது ஒரு பண்டிகை, துப்பாக்கியில் தோட்டா இல்லை, கடை ரசீது இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். ஓர் இளம் போலீஸ்காரர் அதைக் காதில் வாங்காமல் பூட்ஸ் காலோடு கோலத்தின் மேல் ஏறி, துப்பாக்கியை எடுக்கக் குனிந்தார்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் எனக்கே அடி விழும். அது எங்கள் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம். சித்தப்பாவும் அந்தக் கணம் வேறு எதையும் யோசித்திருக்க மாட்டார்.

"பூஜையில வெச்சதுங்க, தொடாதீங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டே திரும்பி, கையை நீட்டி ஓரடி முன்னால் வைத்தார்.

அவ்வளவுதான். தடி அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கீழே விழுந்தவரை இரண்டு பேர் அழுத்திப் பிடித்தார்கள். அவர் முகம் என் பள்ளிக்கூடப் பையின் மேல் கிடந்தது. அம்மா என்னைத் தன் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அழவில்லை. பூட்ஸோடு சரஸ்வதி முன்னால் நின்றதால் அந்தப் போலீஸ்காரருக்கு இனிமேல் படிப்பே ஏறாது என்று திருப்தியாக நினைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எதிர்வீட்டுக்காரர் பாக்கெட்டில் கைவிட்டபடி தன் வாசலில் நின்றிருந்தார். அன்றைக்கு அவர் கையசைக்கவில்லை.

சித்தப்பாவைக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்து வழக்கு எதுவும் போடாமல் அனுப்பிவிட்டார்கள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. துப்பாக்கியைத் தரவில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு அவர் பலமுறை ஸ்டேஷனுக்குப் போனார். விசாரணை முடியவில்லை என்றார்கள். என்ன விசாரணை என்று கேட்டதற்கு, அதன் மேலிருந்த சிவப்புக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று ஓர் அதிகாரி திருப்பிக் கேட்டாராம். எட்டு வயதுப் பிள்ளை வைத்த பொட்டு என்று இவர் சொன்னாராம். அந்த அதிகாரி நம்பவில்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் வேட்டையிலிருந்து திரும்பினார். காரின் முன்பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய மான், நாக்கு வெளியே தொங்கியது. தெருவில் ரோந்து வந்த போலீஸ் கார் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் மானைச் சுற்றி வந்தார். எதிர்வீட்டுக்காரர் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் அதை வாங்கித் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, வெறும் வானத்தைக் குறிபார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நானும் சித்தப்பாவும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய கட்டுப் போட்ட கை ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மானுக்காக அழுகிறார் என்று நினைத்து, பாவம் சித்தப்பா அது, இல்லையா என்றேன். ஆமா கண்ணு, பாவம்தான் என்றார்.

அந்தக் கை சரியாகக் கூடவில்லை. லேத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க முடியாமல் போயிற்று. தொழிற்சாலையில் அவரைப் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கோடை வருவதற்குள் அவர் ஊருக்கே கிளம்பிவிட்டார். "நான்தானே அதை எடுத்து வெச்சேன் தம்பி" என்று ஏர்போர்ட்டில் அம்மா அழுதாள். "நீங்க முறைப்படிதானுங்க அண்ணி செஞ்சீங்க" என்றார் அவர். எனக்கு இடது கையால் டாட்டா காட்டினார். அதன் பிறகு துப்பாக்கி வாங்குவதற்குப் போலீஸிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பா செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு மடித்துவைத்தார்.

அடுத்த ஆயுத பூஜையில் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். திரையை இழுத்து, நடுவில் இடைவெளி விழாமல் ஊக்கு குத்தினாள். பிறகுதான் விளக்கேற்றினாள். அதற்கடுத்த வருடமும் அப்படியே. கொஞ்சம் வளர்ந்ததும், பொட்டு வைப்பதோடு ஊக்கு குத்துவதும் என் வேலையாயிற்று. ஏன் என்று நான் கேட்டதில்லை. கோலம் ஏன், மணி ஏன் என்று கேட்டேனா என்ன.

கல்யாணமாகி முதல் இரண்டு வருடம் மதுரையில் இருந்தோம். அங்கே முதல் ஆயுத பூஜை. தெருவே திறந்து கிடந்தது, எல்லா வீட்டிலிருந்தும் மணிச்சத்தம். மாமியார் கற்பூரத் தட்டோடு தயாராக நின்றார். நான் பொறுப்பான மருமகளாக எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊக்கு எங்கே இருக்கிறது அத்தை என்று கேட்டேன்.

"எதுக்கும்மா ஊக்கு?"

"பூஜைக்கு முன்னாடி மூடணும்ல அத்தை?"

"இது என்னம்மா புது வழக்கம்? தெருவுல போறவங்களும் கும்பிட்டுட்டுப் போகட்டுமே" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். திரையை விட்டுவிட்டு வந்து கும்பிட வேண்டும், அவ்வளவுதான். என்னால் கையை எடுக்க முடியவில்லை.